தங்குபவரும் வந்துபோகிறவரும்

பௌத்த சங்கம் அநாதைக் குழந்தைகளை ஏற்றுக்கொண்ட பழைய நிகழ்ச்சி ஒன்றை துறவு விதிகளின் தொகுப்பான விநயபிடகத்தின் மகாவக்கம் பதிவு செய்திருக்கிறது. புத்தரின் சீடர் ஆனந்தருக்கு உணவளித்துவந்த ஒரு குடும்பம் கொள்ளைநோயில் மாண்டுபோகிறது. மிஞ்சியவர்கள் இரண்டு சிறுவர்கள். பிக்குகளைக் கண்டதும் ஓடிவரும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. அன்றும் ஓடிவந்தார்கள், பிக்குகள் விரட்டினார்கள், சிறுவர்கள் அழுதார்கள். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களைத் துறவில் சேர்க்கக் கூடாது என்ற விதி அதற்குச் சற்று முன்னர்தான் பிறந்திருந்தது. தந்தையும் மகனுமாகத் துறவு பூண்ட இருவர் பிச்சைக்குப் போகும்போது, தந்தையின் பாத்திரத்தில் விழுந்த சோற்றில் மகன் பங்கு கேட்டதையும், அதைப் பார்த்து ஊர் வாய்க்கு வந்தபடி பேசியதையும் ஒட்டி வந்த விதி அது. சேர்த்தால் விதி கெடும், சேர்க்காவிட்டால் பிள்ளைகள் கெடுவார்கள் என்ற நிலையில் ஆனந்தர் புத்தரிடம் போகிறார். அந்தச் சிறுவர்களால் காக்கையை விரட்ட முடியுமா என்று புத்தர் கேட்கிறார். முடியும் என்று பதில் வருகிறது. காக்கை விரட்டத் தெரிந்த வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி தளர்த்தப்படுகிறது.

இந்தத் தளர்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிறுவர்கள் பரிதாபத்துக்காக மட்டும் உள்ளே விடப்படவில்லை. காயவைத்த தானியத்தையும் சோற்றையும் காக்கையிடமிருந்து காப்பது, ஒரு குழந்தையால் செய்யக்கூடியதும் வீட்டுக்குப் பயன்படுவதுமான வேலை. அதைச் செய்யும் பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு பங்கு உண்டு. தயவில் இருக்கிறோம் என்ற எண்ணம் அதனால் குறையும்.

அதே நூல் அடுத்தடுத்து இன்னும் இரண்டு விதிகளைச் சொல்கிறது. புத்தர் கபிலவத்துக்கு வந்தபோது அவர் மகன் இராகுலனுக்குத் துறவு அளிக்கப்பட்டது. பாட்டனார் சுத்தோதனர் அதைக் கேட்டு உடைந்துபோகிறார். முதலில் மூத்த மகன் போனான், பிறகு இன்னொரு மகன் நந்தன் போனான், இப்போது பேரனும் போய்விட்டான். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் வலி எலும்புவரை பாயும் என்று சொல்லி, இனிமேல் பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். புத்தர் அதை ஏற்று விதியாக்குகிறார். மூன்றாவது விதி எண்ணிக்கை பற்றியது. சாமணேரர்களாக, அதாவது இளந்துறவிகளாக இருந்த சிறுவர்கள் இருவர் ஒருவரோடொருவர் கெட்டுப்போன நிகழ்ச்சிக்குப் பிறகு, ஒரு பிக்கு இரு சிறுவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடை வந்தது. சாரிபுத்தரிடம் ஒரு குடும்பம் தன் பிள்ளையை ஒப்படைக்க விரும்பியபோது, இராகுலன் ஏற்கெனவே அவரிடம் இருந்ததால் சிக்கல் எழுந்தது. தடை அப்போது திருத்தப்பட்டது. தகுதியுள்ள பிக்கு, தம்மால் எத்தனை பேருக்கு அறிவுரை சொல்லிப் பயிற்றுவிக்க முடியுமோ அத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக, ஆசிரியர் மாணவரை மகனாகவும் மாணவர் ஆசிரியரைத் தந்தையாகவும் கருத வேண்டும், ஒருவர் நோயில் விழுந்தால் மற்றவர் தேறும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இங்கே அதற்கு என்ன இடம்? ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியும்? இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு குழந்தைகள் நலச் சட்டங்கள் வந்து நின்ற இடமும் ஏறத்தாழ இதுவே.

தமிழ்ப் பௌத்தத்தின் பெருங்காப்பியமான மணிமேகலையும் கைவிடப்பட்ட ஒரு குழந்தையைத் தன் நடுவில் வைத்திருக்கிறது. வாரணாசியிலிருந்து குமரிக்கு வந்த சாலி, வழியில் ஒரு தோட்டத்தில் பெற்றுப்போட்டுவிட்டுப் போன குழந்தை ஆபுத்திரன். ஏழு நாள் ஒரு பசு பால் சுரந்து காத்தது. இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்த்தார். வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டதற்காக ஊரார் அவன் பிறப்பைச் சொல்லி இழித்துத் துரத்தினார்கள். மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயிலில் ஒதுங்கிய ஆபுத்திரன், வீடுவீடாகப் பிச்சையெடுத்துக் கண்ணற்றவரையும் முடவரையும் நோயாளிகளையும் காப்பாரற்றவரையும் அழைத்து ஊட்டினான்; மிச்சத்தைத் தான் உண்டான். அவனுக்குக் கிடைத்த, அள்ளக் குறையாத உணவுப் பாத்திரமான அமுதசுரபிதான் பின்னால் மணிமேகலையின் கைக்கு வருகிறது. அதைக்கொண்டே அவள் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். காப்பியத்தின் கொடையாளர் வரிசை ஓர் அநாதையிடம் தொடங்குகிறது என்பது கவனிக்க வேண்டியது. வாங்குபவன் வேறு, கொடுப்பவன் வேறு என்ற பிரிவினையைக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் ஏற்கவில்லை. காக்கை விரட்டும் சிறுவர்களின் கதையும் ஆபுத்திரன் கதையும் இந்த இடத்தில் சந்திக்கின்றன.

மணிமேகலை இறுதியில் போய்ச் சேரும் காஞ்சிக்கும், சூடாமணி விகாரை இருந்த நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட நடுநாட்டில், இந்தக் கட்டுரை பேசும் ஊரான செஞ்சி இருக்கிறது. இங்கே துறவு மரபு அழுத்தமாகப் பதிந்தது சமண வடிவில். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் போகும் வழியில் உள்ள திருநாதர்குன்றின் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கேதான். திண்டிவனம் பக்கத்து மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடம் இன்றும் இயங்குகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் தமிழ்ச் சமணரான நயினார் குடும்பங்கள் இருக்கின்றன. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று சமணம் தானத்தை நான்காக வகுக்கிறது. ஒரு குழந்தைகள் இல்லத்தின் அன்றாடக் கணக்குப் புத்தகத்தில் இந்த நான்கைத் தவிர வேறு தலைப்பு அதிகம் இராது.

இந்த வட்டாரத்தில் தாய் தந்தையை இழந்த பிள்ளை முதலில் போய்ச் சேருவது மடத்துக்கோ இல்லத்துக்கோ இல்லை. ஆயா என்று அழைக்கப்படும் பாட்டி வீட்டுக்கு, அல்லது தாய்மாமன் வீட்டுக்கு. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில், பெற்றோர் இருக்கும் பிள்ளைகளும் ஆயாவிடம்தான் வளர்கிறார்கள். ஆயாவுக்கு முடியாமல் போகும்போதுதான் விடுதி, ஹோம் என்ற பேச்சு வருகிறது. நிறுவன வழிப் பராமரிப்பு தமிழகத்தில் பரவியதற்கு 1876-78 தாதுவருஷப் பஞ்சம் ஒரு பெரிய காரணம். கிறித்தவ மிஷன்கள் அப்போது பல அநாதை விடுதிகளைத் திறந்தன. முஸ்லிம்களிடம் எத்தீம்கானாக்கள் இருந்தன. 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் அரசுக் காப்பகங்கள் வந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தின் அன்னை சத்யா அரசுக் காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று வேலைக்குப் போய், குடும்பமாகி, அந்த ஊரோடு உறவு விடாமல் இருக்கிறார்கள்.

பௌத்த ஆலயமே குழந்தைகளை வளர்க்கும் வழக்கத்தை இன்று நேரில் காண வேண்டுமானால் தாய்லாந்து, மியான்மர், இமயப் பகுதிகளுக்குப் போக வேண்டும். தாய்லாந்தில் 'தெக் வாட்', அதாவது கோயில் பிள்ளை என்பது பழைய ஏற்பாடு. ஏழை வீட்டுப் பையன் ஊரை விட்டுப் படிக்க வந்தால் கோயிலில் தங்குவான். விடியற்காலையில் பிக்கு பிச்சைக்குப் புறப்படும்போது பின்னால் நடப்பான். பாத்திரம் நிறைந்ததும் சோற்றுப் பொட்டலங்களையும் குழம்புப் பைகளையும் அடுக்குத் தூக்கிலும் கூடையிலும் வாங்கிக்கொள்வான். கோயிலுக்குத் திரும்பியதும் பாய் விரித்து, தட்டெடுத்து வைத்து, பிக்குகள் உண்டபின் தானும் உண்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவான். பிக்குகள் நண்பகலுக்குமேல் உண்பதில்லை. பையன்களுக்கு இரவுச் சோறு தனியாக ஆகும். பிச்சையில் வந்த சோற்றில் அவனுக்கும் பங்கு இருக்கிறது, அதைச் சுமந்து வந்ததும் அவனே. அங் தோங் மாகாணத்தின் வாட் ஸா கேயோ, இந்த வழக்கத்தைப் பெரிய குழந்தைகள் இல்லமாக விரித்துக்கொண்ட ஆலயங்களில் பெயர்பெற்றது; சியாங் மாயின் வாட் டோன் சான் மலைவாழ் பிள்ளைகள் பலரைத் தங்கவைத்துப் படிக்கவைக்கிறது. மியான்மரின் மாந்தலேயில் 1993-இல் தொடங்கிய ஃபாங் டோ ஊ மடப்பள்ளி ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தருகிறது.

லடாக்கின் லே நகருக்கு அருகே உள்ள மகாபோதி மையத்துக்குத் தென்னாட்டுத் தொடர்பு உண்டு. ஆசாரிய புத்தரக்கித்தர் 1956-இல் பெங்களூரில் மகாபோதி சங்கத்தை நிறுவினார். படையிலிருந்து விலகி அவரிடம் வந்து படித்த லடாக்கியர் சங்கசேனர், ஊர் திரும்பி 1986-இல் அந்த மையத்தைத் தொடங்கினார். அங்கு எழுந்த உறைவிடப் பள்ளி முதலில் பெண் குழந்தைகளை ஏற்றது குறிப்பிடத்தக்கது. பிக்குகள் வாழும் விகாரையில் பெண் குழந்தைகளைத் தங்கவைக்க விநயம் இடம் தராது. தனிக் கட்டடமும் பெண் பணியாளரும் இருந்தால்தான் ஆகும். கோயில் வழி வளர்ப்பு பெரும்பாலும் பையன்களோடு நின்றுபோனதற்கு இது ஒரு காரணம்.

இவற்றுள் நன்கு ஆவணமானது திபெத்தியர் அனுபவம். 1959-இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்த பிறகு, பின்தொடர்ந்த அகதிகள் மலைச்சாலை போடும் வேலைக்குப் போனார்கள். சாலை முகாம்களில் குழந்தைகள் நோயிலும் பசியிலும் மடிந்தார்கள். 1960 மே மாதம் அப்படிப்பட்ட 51 குழந்தைகள் ஜம்முவின் சாலை முகாம்களிலிருந்து தர்மசாலாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தலாய் லாமாவின் அக்காள் த்சேரிங் டோல்மா அவர்களை ஏற்றார். 1964-இல் அவர் இறந்ததும் தங்கை ஜெட்சுன் பெமா பொறுப்புக்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நடத்தினார். ஆரம்பத்தில் ஒரு கூரையின்கீழ் நெருக்கியடித்த விடுதியாக இருந்தது, பின்னர் வீடுவீடாகப் பிரிக்கப்பட்டு 'திபெத்தியக் குழந்தைகள் கிராமம்' ஆனது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இல்லத் தாய். பெரியவர்களும் சிறியவர்களும் கலந்து அண்ணன் தம்பி, அக்காள் தங்கையாக ஒரே அடுப்பில் உண்டு வளர்வார்கள். பெரிய பிள்ளை சிறியதைக் குளிப்பாட்டும், பாத்திரம் துலக்கும். 1949-இல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் போருக்குப் பின் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்களின் முறை இது. கர்நாடகத்தின் பைலகுப்பையிலும் இதன் கிளை நடக்கிறது. வெளிநாட்டு நன்கொடையாளர்கள் தனித்தனிப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பினார்கள், கடிதம் எழுதினார்கள். வீட்டுக்குள் பிள்ளையின் அன்றாடம் இல்லத் தாயின் கையில் இருந்தது.

இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: அங்கேயே இருப்பவர் ஒருவர். பிக்குவோ இல்லத் தாயோ காலையில் எழுப்புகிறவரும் இரவில் காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்க்கிறவரும் ஒரே ஆள். 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, சிறு குழந்தைக்குச் சோறும் துணியும் போல நிலையான ஒருவரின் அணுக்கமும் தேவை என்று நிறுவியது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை 2000-க்குப் பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அவர்களில் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் அறிவிலும் உறவிலும் தேறியதைக் காட்டியது. இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் பலன் அதிகம். காப்பகக் குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் கண்ட இன்னொரு குணம், முன்பின் தெரியாதவர் யார் வந்தாலும் கட்டிக்கொண்டு கூடவே போகத் தயாராக இருப்பது. புதிதாக வரும் தொண்டர் அதை அன்பென்று எடுத்துக்கொண்டு நெகிழ்கிறார். ஒருவரிடமும் நிலையாக ஒட்ட வாய்க்காத பிள்ளையின் அடையாளம் அது.

தொண்டு பற்றிய கேள்வி இங்கே எழுகிறது. இரண்டு வாரமோ இரண்டு மாதமோ வந்து குழந்தைகளோடு விளையாடி, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பிரியும்போது கண்கலங்கிப் போகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அவர்களுக்குப் பின் இன்னொருவர் வருவார், அவரும் போவார். பிள்ளையின் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு கைவிடல்.

இதைவிடக் கொடிது, வருகிறவர்களுக்காகவே இல்லங்கள் முளைப்பது. கம்போடியாவின் அங்கோர் 1992-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் வாசலான சியம் ரீப் சுற்றுலா நகரமானது. கோயில்களைப் பார்த்துவிட்டு அநாதை இல்லம் ஒன்றையும் பார்த்துப் போவது பயணத் திட்டத்தில் சேர்ந்தது. 2011-இல் யுனிசெஃப் ஆதரவில் வந்த ஆய்வின்படி, கம்போடியாவில் ஐந்தாண்டுகளில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு பெருகியிருந்தது. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றவர்களே அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் நடனமாடிக் காட்டினார்கள், நன்கொடைப் பெட்டி நிறைந்தது. நேபாளத்திலும் இல்லங்கள் சுற்றுலா மாவட்டங்களில்தான் குவிந்தன. ஆஸ்திரேலியா 2018-இல் இயற்றிய நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டிய விவாதங்களில் இத்தகைய இல்லங்களுக்குப் பிள்ளை பிடிப்பதை ஆள்கடத்தலாகவே எடுத்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும், அநாதை இல்லத் தொண்டுச் சுற்றுலா குழந்தைகளுக்கு விளைவிக்கும் தீங்கைத் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

தமிழகம் இதற்கு வெளியே நிற்கவில்லை. மாமல்லபுரம் 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்குள்ள இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக வந்த நாளிதழ்க் கட்டுரையை இணைத்து 2007-இல் ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அது பொதுநல வழக்காக ஏற்கப்பட்டு, தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டல் என்ற தலைப்பிலேயே பத்தாண்டுகள் நடந்தது. 2017 மே 5-இல் வந்த தீர்ப்பு, நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைப் பராமரிப்பு நிறுவனங்களும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவாக வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், சமூகத் தணிக்கை வேண்டும், கூடியவரை பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டது.

2025 ஜூலையில் இந்தியாவின் மராட்டியப் படைத்துறைத் தலங்கள் என்ற வரிசையில் 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏற வருகிற கூட்டம் இனிப் பெருகும். ஒரு பக்கம் ஆரோவிலும் புதுச்சேரியும், மறுபக்கம் திருவண்ணாமலை ஆசிரமங்களும் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஓடும் சாலையில் இந்த ஊர் இருக்கிறது. தொண்டு செய்யும் ஆசையோடு பயணம் செய்கிறவர்கள் ஏற்கெனவே இந்த வழியாகத்தான் போய்வருகிறார்கள். சியம் ரீப்பிலும் மாமல்லபுரத்திலும் கற்ற பாடத்தை அவர்கள் இறங்கும் முன்னரே இந்த ஊர் அறிந்துவைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டவரை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. உள்ளூர்த் தொண்டின் வழக்கமான வடிவம் பிறந்தநாள் சாப்பாடு. பல இல்லங்களின் வரவேற்பறையில் காலை உணவுக்கு இவ்வளவு, மதிய உணவுக்கு இவ்வளவு, பிரியாணி என்றால் இவ்வளவு என்று பலகை தொங்குகிறது. குறித்த நாளில் குடும்பம் வருகிறது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, பார்த்தறியாத ஒரு குழந்தைக்கு வாழ்த்துப் பாடுகிறார்கள்; கேக் வெட்டப்படுகிறது; சாப்பாட்டுக்கு முன் கொடையாளர் குடும்பத்துக்காகப் பிரார்த்தனை நடக்கிறது; படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடப்படுகிறது. புத்தாண்டன்று நான்கு வீட்டுச் சாப்பாடு வந்து மிஞ்சும், அடுத்த வாரம் கேட்பாரில்லை. தன் பிறந்தநாள் எதுவென்று தெரியாத பிள்ளையும் அந்த வரிசையில் கைதட்டிக்கொண்டிருக்கும். படம் போடுவதில் சட்டச் சிக்கலும் உண்டு: 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்பிலுள்ள குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது.

அதே சட்டம் அநாதைக் குழந்தையின் பாதையைத் தெளிவாக வகுத்திருக்கிறது. கைவிடப்பட்ட பிள்ளையைக் கண்டால் 1098-க்கு அழைக்க வேண்டும். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். செஞ்சிக்கு அது விழுப்புரத்தில். குழுதான் பெற்றோரைத் தேடவும், உறவினரிடம் சேர்க்கவும், இல்லத்தில் வைக்கவும், தத்துக்கு விடுவிக்கவும் முடிவெடுக்கும். கோயிலோ மடமோ தேவாலயமோ தனியாரோ, 41-ஆவது பிரிவின்கீழ்ப் பதிவு செய்யாமல் பிள்ளைகளை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை. துறவியின் கருணையும் பதிவேட்டுக்கு உட்பட்டதே. பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்ற சுத்தோதனரின் கேள்வியை இப்போது குழு கேட்கிறது. ஒன்றிய அரசுக்காக நடந்து 2018-இல் வெளியான கணக்கெடுப்பு 9,500-க்கு மேற்பட்ட இல்லங்களைப் பதிவு செய்தது. அவற்றிலிருந்த பிள்ளைகளில், இரு பெற்றோரையும் இழந்தவர்களைவிடத் தாயோ தந்தையோ உள்ளவர்களே மிக அதிகம். இல்லத்தில் சேர்க்கும் காரணம் பெரும்பாலும் வறுமைதான்.

வறுமைக்கு மருந்து இல்லமாகாது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளை தன் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வளர மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இவை இருப்பதே தெரியாத ஆயாக்கள் பல ஊர்களில் உண்டு. தெரிந்தாலும் இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நடக்க வேண்டும். ஆதாரில் தகப்பன் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தால் விண்ணப்பம் திரும்பிவரும். அந்த ஆயாவோடு கூடப் போய், படிவம் நிரப்பி, திரும்பி வந்ததை மறுபடி கொண்டுபோய்க் கொடுக்கிறவர் செய்யும் தொண்டு, ஒரு பிள்ளையை இல்லத்துக்குப் போகாமலே காக்கும்.

இல்லத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கான தொண்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விநயத்தின் மூன்று விதிகளே போதுமான அளவுகோல். முதலாவது, போகிற இடம் பதிவான இல்லமா, பிள்ளைகள் எப்படி அங்கே வந்தார்கள், உறவினர் வந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேட்பது. கேட்டால் முகம் சுளிக்கிற இல்லத்துக்குத் தொண்டரும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம். தொண்டரின் பின்னணியை இல்லம் விசாரிக்க வேண்டும். காவல் துறைச் சரிபார்ப்பு கேட்காமல் யாரையும் உள்ளே விடுகிற இல்லம் ஆபத்தானது. பிள்ளையோடு தனியறையில் இருப்பது, பிள்ளையை வெளியே கூட்டிப்போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, இருப்பவருக்குத் துணையாவது. ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற வரம்பு, இல்லத் தாய்க்கும் பொருந்தும். அவர் துணி துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் கணக்கு எழுதவும் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளையின் பக்கத்தில் உட்கார நேரம் இராது. குறுகிய காலம் வருகிறவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இல்லத் தாயைச் சமையலறைக்கு அனுப்புவதைவிட, தான் சமையலறைக்குப் போய் அவரைப் பிள்ளையிடம் விடுவது நல்லது. கழிப்பறைக் குழாயைச் சரிசெய்பவர், கணக்கைத் தணிக்கைக்கு ஒழுங்குசெய்பவர், மாதம் ஒருமுறை வரும் பல் மருத்துவர் ஆகியோர் வந்துபோவதால் பிள்ளைக்கு இழப்பில்லை. பாடம் சொல்லித்தர விரும்புகிறவர் உள்ளூர்க்காரராக இருந்து, ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை, ஒரே நேரம், ஓராண்டுக்குக் குறையாமல் வரக்கூடியவராக இருந்தால் நல்லது. அவர் எப்போது வருவார் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், எப்போது நிற்பார் என்பதும் முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, பிள்ளைக்கு ஒரு பங்கு. வருகிறவர்களுக்கு ஆடிக்காட்டுவது அந்தப் பங்காகாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது, சிறியவனுக்குக் கணக்கு சொல்லித்தருவது, இல்லத்தின் குழந்தைகள் குழுவில் சாப்பாட்டுப் பட்டியல் பற்றிக் கருத்துச் சொல்வது ஆகும். காக்கை விரட்டுவதற்கு இன்றைய ஈடு இவைதான். வேலை வாங்குவதற்கும் பங்கு கொடுப்பதற்கும் உள்ள எல்லையைச் சட்டமும் கவனிக்கும்.

பெரும்பாலான தொண்டர்கள் கவனிக்காத வயது ஒன்று உண்டு: பதினெட்டு. அன்றோடு இல்லத்தின் கதவு மூடுகிறது. சட்டம் 21 வயதுவரை, தேவைப்பட்டால் 23 வரை, பிற்காப்பு ஆதரவுக்கு இடம் தந்தாலும் அதைப் பெறுகிறவர் குறைவு. வாடகை வீட்டுக்கு யாரையாவது பொறுப்புக்கு நிறுத்தக் கேட்பார்கள். வேலைக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். கல்லூரிக்குச் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். பத்து வயதுக்குமுன் பெற்றோரை இழந்து, வேறு காப்பாளர் இல்லாமல், அரசோ அரசு அங்கீகரித்த நிறுவனமோ வளர்த்த பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தனி வகையாகவே சேர்த்திருக்கிறது. அந்தச் சலுகை இருப்பது சம்பந்தப்பட்ட பிள்ளைக்கும், சில சமயம் விண்ணப்பத்தை வாங்கும் அலுவலருக்கும் தெரிவதில்லை. செஞ்சியில் கடை வைத்திருக்கும் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர் போன்றோரால் அதிகம் செய்யக்கூடிய தொண்டு இந்த வயதில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வரச் சொல்லி ஒரு வீடு, வேலை போனால் பேச ஒரு எண், கையெழுத்துப் போட ஒரு ஆள் என்று அது அமையும். வெளியூர்த் தொண்டரால் இதைச் செய்ய முடியாது. இதற்கு ஊரில் இருக்க வேண்டும், பல ஆண்டுகள் இருக்க வேண்டும்.

குழந்தையை வளர்க்கும் பொறுப்பில் தங்கியிருக்க முடிந்தவர்களுக்கு வளர்ப்புக் குடும்பமாகவும் தத்துப் பெற்றோராகவும் ஆகும் வழியைச் சட்டம் திறந்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அதற்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு இயலாதவர்கள், அவ்வாறு தங்கியிருப்பவரின் சுமையைக் குறைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். விகாரையானாலும் மடமானாலும் அரசுக் காப்பகமானாலும் தொண்டருக்கு உரிய வேலைகள் இவை இரண்டே.